பேரன்கள் இருவர், சட்டம் இரண்டு: கொறங்காட்டை யார் பெயரில் எழுதுவது?

ஊதியூர் அப்பாரு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 74. காங்கேயம் வட்டம், ஊதியூர் மலைக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். கைபேசியில் ஒற்றை விரலால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலம் ஒன்பது ஏக்கர். மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனத்தில் தென்னை. மீதி ஆறு ஏக்கர் கொறங்காடு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் சாயங்காலம் வரை ஆள் தேவையில்லை. அதுதான் கொறங்காடு. பட்டாவில் புஞ்சை என்று இருக்கும்.

என் மகன் 2010இல் அமெரிக்கா போனான். நியூ ஜெர்சியில் வேலை. மூத்த பேரன் 2013 மார்ச்சில் அங்கே பிறந்தான். இளையவன் 2021 செப்டம்பரில், அதே மாநிலத்தில் பிறந்தான். 2023இல் குடும்பத்தோடு திரும்பி வந்து இப்போது கோவை சரவணம்பட்டியில் குடியிருக்கிறார்கள். மகனும் மருமகளும் இன்றுவரை இந்தியக் குடிமக்கள்தான். பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தருவது) இருக்கின்றன. "ஓசி என்றால் இலவசம்தானே, இதற்கு எதற்கு 275 டாலர் கட்டினாய்?" என்று என் வீட்டுக்காரி மகனிடம் கேட்டாள். அவன் சிரித்தானே ஒழியப் பதில் சொல்லவில்லை.

மூத்தவனுக்குப் பதின்மூன்று நடக்கிறது. சனிக்கிழமை ஆனால் பஸ் ஏறி வந்துவிடுவான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, கிளுவைப் போத்து நட்டு வேலியில் உள்ள சந்துகளை அடைப்பது எல்லாம் அவன் வேலை. போன வருடம் எங்கள் மயிலைப் பசு கன்று போட்டது. செக்கச்செவேல் என்று இருந்த கன்று ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறியதைப் பார்த்து, "அப்பாரு, இது வேறு மாடா?" என்று கேட்டான். காங்கேயம் கன்று அப்படித்தான் சாமி, பிறக்கும்போது சிவப்பாக இருக்கும், வளர வளரச் சாம்பல் நிறத்துக்கு வரும் என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதய மருத்துவர் எனக்கு இரண்டு மாத்திரைகளைக் கூட்டியிருக்கிறார். கையெழுத்து நடுங்காமல் இருக்கும்போதே கொறங்காட்டைப் பேரன்கள் இருவர் பெயருக்கும் தான செட்டில்மெண்ட் எழுதிவிடலாம் என்று பத்திர எழுத்தரிடம் போனேன். ஆதார் கேட்டார், கொடுத்தேன். "பையன்கள் பிறந்த ஊர்?" என்றார். எடிசன் என்றேன். "அது எந்தத் தாலுகா?" என்றார். நியூ ஜெர்சி என்றதும் பேனாவை மூடிவிட்டார். "ஐயா, இவர்கள் வெளிநாட்டுக் குடிமக்கள். வேளாண் நிலத்தைத் தானமாக எழுத முடியாது" என்றார்.

என் அப்பன் கிணறு வெட்டிய காடு. அவர் பேரனின் மகன் வெளிநாட்டுக்காரனா? வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மகனைக் கேட்டால், "அங்கே பிறந்தால் அந்த ஊர்க் குடிமகன் என்பது அவர்கள் சட்டம். இங்கே பதிய வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிந்திருக்க வேண்டும். நாங்கள் பதியவில்லை" என்கிறான். ஏன் பதியவில்லை என்றால், "அப்போது யாருக்குத் தெரியும்?" என்கிறான். இத்தனை படித்தவனுக்குத் தெரியவில்லையாம்.

இதற்கிடையே அமெரிக்க அதிபர் பிறப்புக் குடியுரிமையை நிறுத்தப்போகிறார் என்று 2025 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஓடியது. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று ஆகிவிடுமோ என்று வீட்டுக்காரி அழுதே விட்டாள். இன்னொரு குழப்பமும் உண்டு. மூத்தவன் டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறான். அவனுக்கு ஒரு சட்டம், இளையவனுக்கு வேறு சட்டம் என்று பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஏதோ சொன்னான். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு அது எப்படி இரண்டு சட்டம் ஆகும்?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைகளை இந்தியக் குடிமக்கள் ஆக்க வழி உண்டா? இல்லையென்றால் காட்டை என்ன செய்வது?


பல்லடம் தறிக்காரன்

ஐயா, மனம் நோகச் சொல்லவில்லை. அமெரிக்கக் குடியுரிமை கிடைக்கும் என்றுதானே அங்கே பெற்றுக்கொள்கிறார்கள்? அந்த ஊர் பாஸ்போர்ட்டும் வேண்டும், இந்த ஊர்ப் பட்டாவும் வேண்டும் என்றால் எப்படி? எங்கள் தெருவில் மூன்று வீட்டில் இதே கதை. ஊருக்கு வரும்போது நீலப் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பெருமை பேசுவார்கள். நிலம் என்று வந்ததும் மண்ணின் மைந்தர்கள் ஆகிவிடுவார்கள். சட்டம் சரியாகத்தான் இருக்கிறது.


ஊதியூர் அப்பாரு

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. அப்படிப்பட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன், எங்கள் பங்காளி வீட்டிலேயே உண்டு. ஆனால் மூத்தவனுக்காக மருமகள் ஏழாம் மாதமே ஊருக்கு வருவதாக டிக்கெட் போட்டிருந்தாள். வளைகாப்புக்கு இங்கே பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. இரத்த அழுத்தம் ஏறிவிட்டது, விமானம் ஏறக்கூடாது என்று அங்கே மருத்துவர் தடுத்துவிட்டார். பந்தல்காரன் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை, அது வேறு கதை. இளையவன் பிறந்தது கொரோனா காலம். குடியுரிமையைக் கணக்குப் போட்டுப் பெற்ற பிள்ளைகள் இல்லை இவர்கள். நீலப் பாஸ்போர்ட் என் வீட்டில் பீரோவுக்குள்தான் கிடக்கிறது.


மஸ்கட் வெள்ளகோவிலான்

அப்பாரு, உங்கள் மகனைத் திட்டாதீர்கள். அந்த ஒரு வருடக் கெடு பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததே நூலிழையில் தப்பிய பிறகுதான்.

நான் மஸ்கட்டில் கணக்காளர். என் மகள் 2012இல் இங்கே பிறந்தாள். வளைகுடா நாடுகளில் வேலைக்கு வந்தவன் பிள்ளைக்கு, பிறந்தது என்பதற்காகக் குடியுரிமை தரமாட்டார்கள். ஆகவே இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்தால்தான் அவள் ஒரு நாட்டின் ஆள். அங்கே மாட்டிக்கொண்டது என் பெயர். நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்துதானே? பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் எழுதியவர் அந்த ஊர் வழக்கப்படி என் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று வரிசையாகக் கோத்துவிட்டார். இரண்டிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க, திருத்தம், மொழிபெயர்ப்பு, சான்றொப்பம் என்று நான் அலைந்த அலைச்சலில் ஒரு செருப்பு தேய்ந்தது. கடைசியில் பதிந்தபோது அவள் முதல் பிறந்தநாளுக்கு 19 நாள் பாக்கி. தாண்டியிருந்தால் மத்திய அரசின் அனுமதி கேட்டு, ஏன் தாமதம் என்று விளக்கம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் என் மகளுக்கும் உங்கள் பேரன்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பதியும்போது, இந்தப் பிள்ளையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். என்னால் யோசிக்காமல் எழுத முடிந்தது. அமெரிக்காவில் பெற்றவர்கள் பெரும்பாலும் முதலில் அந்தப் பாஸ்போர்ட்டைத்தான் எடுக்கிறார்கள். எடுத்துவிட்டால் இந்தக் கதவு சாத்திக்கொள்ளும். சாத்தியது தெரியாமல் பத்து வருடம் கழித்துத் தட்டிக்கொண்டு நிற்பார்கள்.


தாராபுரம் வக்கீல்

ஐயா, நிலம், குடியுரிமை, படிப்பு மூன்றும் உங்கள் கேள்வியில் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. நிலத்தின் முடிச்சு எளிது, அதை முதலில் அவிழ்க்கிறேன்.

பத்திர எழுத்தர் சொன்னது சரி. ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். வேளாண் நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம் ஆகியவற்றைக் கிரயமாகவோ தானமாகவோ பெற முடியாது. ஆனால் வாரிசாக வந்தால் தடை இல்லை. ஆகவே பேரன்களுக்குத் தானம் எழுதாதீர்கள். உங்கள் மகன் இந்தியக் குடிமகன், இங்கேயே வசிப்பவர். அவர் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதுங்கள். அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு வாரிசுரிமையாகப் போகும். அப்படி வந்த நிலத்தைப் பிற்காலத்தில் அவர்கள் விற்க நினைத்தால், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க முடியும். கொறங்காட்டை மனைப் பிரிவாக மாற்றலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதற்கு மட்டும் காது கொடுக்காதீர்கள்.

இனி குடியுரிமை. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கான விதி நம் நாட்டிலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி தகப்பன் இந்தியனாக இருந்தால்தான் பிள்ளை இந்தியன், தாய் கணக்கில் இல்லை. 1992 டிசம்பர் 10க்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தாய், தகப்பன் இருவரில் ஒருவர் போதும் என்று திருத்தினார்கள். அடுத்து 2003ஆம் ஆண்டுத் திருத்தம். 2004 டிசம்பர் 3 முதல், ஒரு வருடத்துக்குள் தூதரகப் பதிவு, வேறு பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழி இரண்டும் கட்டாயம். தாய்க்குக் கதவைத் திறந்த நாடாளுமன்றம் பன்னிரண்டு வருடத்தில் அதே கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்தது. உங்கள் பேரன்கள் இருவரும் அந்தத் தாழ்ப்பாளுக்குப் பிறகு பிறந்தவர்கள்.

இப்போது வழி என்ன? பெற்றோர் இந்தியக் குடிமக்களாக இருந்தால் சிறு பிள்ளையைப் பதிவு செய்யக் கோரும் பிரிவு, 5(1)(டி), இருக்கிறது. ஆனால் நாம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, அமெரிக்கக் குடியுரிமையை விட வேண்டும். அமெரிக்கச் சட்டமோ, பிள்ளை சார்பில் பெற்றோர் துறக்க முடியாது என்கிறது. ஆகவே அவசரப்படாதீர்கள். மூத்தவனுக்கு 18 வயது ஆகட்டும். ஐந்து ஆண்டு ஓசிஐ அட்டை வைத்திருந்து, விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வசித்தவர், வயது வந்தபின் பிரிவு 5(1)(ஜி)யின் கீழ் தானே விண்ணப்பிக்கலாம். அப்போது எந்த நாடு வேண்டும் என்று அவனே முடிவு செய்வான். பதின்மூன்று வயதுப் பையனுக்காக நீங்களும் நானும் முடிவு செய்யத் தேவையில்லை.

அதுவரை ஒரே ஒரு எச்சரிக்கை. மகனும் மருமகளும் இந்தியக் குடியுரிமையை விட்டுவிடக் கூடாது. சிங்கப்பூரில் ஒரு தம்பதி 1998 கடைசியில் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கினார்கள். அப்போது பிள்ளை தாயின் வயிற்றில். 1999இல் பிறந்த அந்தப் பையன் வளர்ந்து, எனக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டான். சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் அவனுக்குச் சாதகமாகச் சொன்னது. 2024 அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. பெற்றோர் துறந்ததாகச் சொல்ல முடியாது, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விட்டது, துறந்தவர்களின் பிள்ளைகளுக்கு உள்ள மீட்புரிமை இவனுக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். துறப்பதற்கும் தானாகப் போவதற்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது, சட்டத்துக்குத் தெரியும்.

டிரம்ப் ஆணையைப் பற்றிக் கேட்டீர்கள். 2025 ஜனவரி 20 அன்று அவர் கையெழுத்திட்டது, அதற்கு முப்பது நாளுக்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கானது. அமலுக்கு வரும் முன்பே நீதிமன்றங்கள் நிறுத்தின. ஏற்கெனவே பிறந்தவர்களை அது தொடவே இல்லை. அம்மாவிடம் சொல்லுங்கள், அழ வேண்டாம்.


பெருந்துறை லதா

மருத்துவப் படிப்புக் கேள்விக்கு நான் சொல்கிறேன். என் அக்கா மகனுக்காக இதிலேயே ஒரு வருடம் உழன்றவள்.

பக்கத்துத் தோட்டத்துப் பையன் சொன்னது உண்மைதான், அப்பாரு. 2021 மார்ச் 4 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி ஓசிஐ மாணவர்கள் நீட் எழுதலாம், ஆனால் வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களில்தான் சேர முடியும். அந்த இடங்களின் கட்டணம் உங்களுக்கே தெரியும், கொறங்காட்டை விற்றாலும் காணாது. வழக்குப் போட்டார்கள். 2023 பிப்ரவரி 3 அன்று உச்ச நீதிமன்றம், அந்த அறிவிக்கை அதற்குப் பிறகு அட்டை வாங்கியவர்களுக்கே பொருந்தும், முன்பே வாங்கியவர்களை இந்தியக் குடிமக்களுக்குச் சமமாகவே நடத்த வேண்டும் என்று தீர்த்தது.

ஆகவே மூத்தவன் அட்டை எப்போது வாங்கியது என்று பாருங்கள். பிறந்த அடுத்த வருடம் என்றால் தப்பினான். இளையவன் பிறந்ததே 2021 செப்டம்பர் என்கிறீர்கள். அவன் தேதி அந்தப் பக்கம். ஒரே அம்மா, ஒரே தொட்டில், ஒரே பள்ளிக்கூடம், நடுவில் ஒரு மார்ச் 4. என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

மூத்தவனின் முதல் ஓசிஐ அட்டையைத் தொலைக்காதீர்கள், நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். புதுப் பாஸ்போர்ட் வரும்போதெல்லாம் அதன் நகலையும் புதிய படத்தையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். 20 வயதுக்குப் பிறகு பாஸ்போர்ட் மாற்றும்போது ஒரு முறை அட்டையையே மாற்ற வேண்டும். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களின் அமெரிக்கப் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும். அதைப் புதுப்பிக்கத் தாய், தகப்பன் இருவர் ஒப்புதலும் வேண்டும். பீரோவுக்குள் கிடக்கிறது என்றீர்களே, ஒரு முறை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.


ஈரோட்டு மருமகள்

அப்பாரு, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. என் வீட்டில் இதே கதை தலைகீழாக நடக்கிறது.

நான் பிறந்தது மலேசியாவில், ஈப்போ. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு 2009இல் வாழ்க்கைப்பட்டேன். தலைச்சன் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனேன், 2011இல் மகன் ஈப்போவில் பிறந்தான். இரண்டாவது 2015இல். அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்ததால், யார் பத்தியம் பார்ப்பது என்று ஈரோட்டிலேயே இருந்துவிட்டேன். மகள் பிறந்தாள். மலேசிய மண்ணில் பிறந்த பிள்ளைக்குத் தாய் குடிமகளாக இருந்தால் போதும். வெளிநாட்டில் பிறந்தால் தகப்பன் மலேசியனாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். மகன் மலேசியன், மகள் இந்தியள். அம்மாவின் முழங்கால் முடிவு செய்த குடியுரிமை.

அப்பா இறந்த துக்கத்துக்குப் போனபோது கோலாலம்பூர் விமான நிலையத்தில் நானும் மகனும் ஒரு வரிசை, அவரும் மகளும் வேறு வரிசை. மகளுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிறையவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று "அண்ணன் மட்டும் ஏன் அங்கே?" என்று கத்தினாள். நான் இந்தப் பக்கம் நின்று கைகாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்?

என் போன்ற தாய்மார்கள் அங்கே வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தாய்மார் பக்கம் தீர்ப்பளித்தது. அன்று இங்கே மண்டியில் எல்லோருக்கும் நான்தான் மைசூர் பாகு வாங்கிக் கொடுத்தேன். அடுத்த ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று அதைத் தள்ளிவிட்டது. பிறகு அரசே அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்தது. 2024 அக்டோபர் 17 அன்று கீழவையில் 206 பேர் ஆதரித்து நிறைவேற்றினார்கள். 'தகப்பன்' என்றிருந்த இடத்தில் 'பெற்றோரில் ஒருவர்' என்று மாற்றினார்கள்.

ஆனால் மைசூர் பாகு இந்த முறை வாங்கவில்லை. திருத்தம் முன்தேதியிட்டுச் செல்லாது. அதாவது ஏற்கெனவே பிறந்த என் மகளுக்கு இல்லை. அவள் பழைய முறையில் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த விண்ணப்பத்துக்கு இருந்த 21 வயது வரம்பையும் இதே திருத்தத்தில் 18 ஆகக் குறைத்தார்கள். அதோடு, அங்கே நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு வாழ்பவர்களின் பிள்ளைகள் மலேசியாவில் பிறந்தால் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையையும் எடுத்தார்கள். அவர்களில் தோட்டத்து வழி வந்த நம் ஆட்களும் உண்டு. தாய்மாருக்குக் கொடுத்ததைக் கொண்டாடுவதா, அவர்களிடம் பிடுங்கியதற்கு வருந்துவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மகனுக்கும் ஓசிஐ அட்டைதான், அப்பாரு. மண்டிக்குப் பின்னால் உள்ள மஞ்சள் காடு என் வீட்டுக்காரர், மாமியார் இருவர் பெயரிலும் இருக்கிறது. வக்கீல் சொன்னதைப் படித்த பிறகுதான், என் மாமியார் தன் பங்கைப் பேரனுக்குத் தானம் எழுதப்போவதாகச் சொன்னதை நினைத்துத் திடுக்கிட்டேன். காலையில் முதல் வேலையாகத் தடுத்துவிட்டேன். அதற்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.


பல்லடம் தறிக்காரன்

நான் முதலில் எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். என் தங்கையும் இப்போது டெக்சாஸில் ஐந்தாம் மாதம். ஒரு வருடக் கெடு, பாஸ்போர்ட் உறுதிமொழி எல்லாவற்றையும் இப்போதே அவளுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். "அங்கே பிறக்கும் பிள்ளை அமெரிக்கப் பாஸ்போர்ட் இல்லாமல் அந்த நாட்டை விட்டு வெளியே வர முடியுமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறாள். வக்கீல் ஐயா, அதற்கு என்ன வழி?


தாராபுரம் வக்கீல்

அங்கேதான் சிக்கல், தம்பி. அமெரிக்கக் குடிமகன் அந்த நாட்டுக்குள் வரவும் வெளியே போகவும் அமெரிக்கப் பாஸ்போர்ட்தான் காட்ட வேண்டும் என்பது அவர்கள் விதி. அதை எடுத்தால் நம் உறுதிமொழியில் கையெழுத்துப் போட முடியாது. பெரும்பாலோர் ஓசிஐ பக்கம் போவதற்கு அலட்சியம் மட்டுமே காரணம் இல்லை. பதிந்து வைத்தவர்களுக்கும் 18 வயதில் ஒரு கெடு உண்டு. வேறு நாட்டுக் குடியுரிமையும் இருந்தால் ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். தங்கைக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும். மற்றதைத் தனியே பேசுவோம்.


ஊதியூர் அப்பாரு

எல்லோருக்கும் கும்பிடு. நேற்று ஞாயிற்றுக்கிழமை மகன் வந்திருந்தான். நீங்கள் எழுதியதை எல்லாம் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். 'யாருக்குத் தெரியும்' என்று சொன்னவன், தறிக்காரத் தம்பியின் தங்கை கேட்ட கேள்விக்கு வந்ததும், "இதையேதான் நாங்களும் அன்றைக்கு யோசித்தோம் அப்பா, உங்களிடம் சொல்லத் தெரியவில்லை" என்றான். தெரியாமல் விட்டான் என்று நினைத்து ஒரு மாதம் அவனோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

பீரோவைத் திறந்து பார்த்தோம். லதா அம்மிணி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். மூத்தவன் ஓசிஐ அட்டை 2014 ஜூலையில் வாங்கியது. இளையவனுடையது 2022. மூத்தவன் பாஸ்போர்ட் இன்னும் நான்கு மாதத்தில் முடிகிறது! மகனும் மருமகளும் விடுப்புப் போட்டுக்கொண்டு சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போவதாகத் தேதி பார்க்கிறார்கள்.

மூத்தவனிடம் மட்டும் தனியாகக் கேட்டேன். "பதினெட்டு ஆனதும் எந்த நாடு வேண்டும் சாமி?" என்று. கன்றுக்குப் புண்ணாக்கு ஊற வைத்துக்கொண்டிருந்தான். கையை உதறிவிட்டு, "இன்னும் அஞ்சு வருஷம் இருக்குல்ல அப்பாரு" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இளையவனைக் கேட்டால் அவன் பழனி என்றுதான் சொல்வான். போன மாதம் மொட்டை போட்டு வந்ததிலிருந்து அவனுக்கு எல்லாம் பழனிதான்.

வீட்டுக்காரிக்கு இன்னும் முழுச் சமாதானம் இல்லை. சிவன்மலைக் கோயிலில், பக்தர் கனவில் முருகன் சொல்லும் பொருளை வைக்கும் உத்தரவுப் பெட்டி இருக்கிறதே, அதில் ஒரு பாஸ்போர்ட்டை வைக்கச் சொல்லி யார் கனவிலாவது முருகன் வந்தால்தான் இந்த அரசாங்கங்களுக்குப் புத்தி வரும் என்கிறாள்.

வருகிற புதன்கிழமை காங்கேயம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறேன். கொறங்காடு ஆறு ஏக்கரும் மகன் பெயருக்கு. ஈரோட்டு மருமகளே, உங்கள் மாமியாருக்கு என் பெயரைச் சொல்லி ஒரு தடவை பேசச் சொல்லுங்கள், வயதானவர்களுக்கு வயதானவர்கள் சொன்னால்தான் ஏறும். இந்தப் பக்கம் வருகிறவர்கள் முன்கூட்டிச் சொன்னால் இளநீர் வெட்டி வைக்கிறேன்.


தாராபுரம் வக்கீல்

புதன்கிழமை போகும்போது வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், உங்கள் பெயரில் உள்ள பட்டா நகல் மூன்றையும் எடுத்துப்போங்கள் ஐயா. சாட்சி இரண்டு பேர் வேண்டும், அவர்களுடைய ஆதாரும் வேண்டும்.